சுவர் எண் பதினேழு

அச்சு எண் பதினேழில்
பிளக் பெட்டிக்கு இடம் குறித்தது நான்தான்.
சாக்பீஸ் என்னுடையது, டேப் என்னுடையது,
பதினோரு சென்டிமீட்டர் தவறும் என்னுடையது.
முடிந்த தரையிலிருந்து அள என்றது வரைபடம்.
நான் அச்சின் விளிம்பிலிருந்து அளந்தேன்.
அன்று வெள்ளிக்கிழமை, புயலுக்கு முந்தின நாள்.
காரணம் சொல்லவில்லை,
தேதி சொல்கிறேன்.

கொத்தனார் கை தவறினால்
ஒரு சுவர் கோணும்.
இரும்பு அச்சு கோணாது.
மில்லிமீட்டர் பிசகாமல்
நேற்றைய தவறையே
இன்றும் ஈன்று தரும்.

மீஞ்சூர் யார்டில் விடிகாலை நாலு மணிக்கு
நீராவி அடங்கும்.
திகம்பர் நாயக் கொக்கி மாட்டிவிட்டு
இரண்டு விரல் உயர்த்துவார்.
படுத்திருந்த சுவர் எழுந்து நிற்கும்,
உள்ளே ஒயர் போகும் குழாயோடு,
காய்ச்சல் விட்ட பிள்ளையின் முதுகுபோல
இன்னும் லேசான சூட்டோடு.
தட்டிப் பார்ப்பேன். எண் எழுதுவேன். கையெழுத்திடுவேன்.
இரவு பத்துக்கு மேல்தான் டிரெய்லருக்கு வழி.
கன்டெய்னர் லாரிகளின் வாலைப் பிடித்து
மணலி, திருவொற்றியூர் என்று ஊர்ந்து
பால் வண்டியோடு வண்டியாகத்
தண்டையார்ப்பேட்டைக்குள் நுழையும்.

நாலு மாடி, ஐம்பத்தெட்டு நாள்.
எதிர்க்கடை எபினேசர்
கிரேனை அண்ணாந்து பார்த்தே
மூன்று முறை பாலைப் பொங்கவிட்டார்.
"வூடு கட்றாங்களா, சீட்டுக் கட்டு அடுக்குறாங்களா?"

தொண்ணூற்றாறு வீடு முடிந்த பிறகு
ஒயர் இழுக்க வந்த பையன் கண்டுபிடித்தான்:
மிக்ஸிக்கான பள்ளம்
சமையல் மேடைக்கு மேலே இல்லை,
அடியில் இருக்கிறது.
பக்கத்து வீட்டில்?
அடியில்.
மாடியில்?
அடியில்தான்.

இன்ஜினியர் ஷர்ஃபுதீன் கத்தவில்லை.
கால்குலேட்டரை எடுத்து
ஒன்றைத் தொண்ணூற்றாறால் பெருக்கி
என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

மேலே புதிதாய்க் குடைந்து பிளக் வைத்தோம்.
கீழே உள்ளதை அடைக்க
கலவை வாளியோடு நான் போனபோது
குடிவந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது.

"அத்த மட்டும் தொடாத மேடம்" என்றாள் டெல்ஃபின்.
உள்ளே சீட்டு நோட்டு, ரப்பர் பேண்டில்
கசங்கிய நூறு ரூபாய்கள்.
நாகபூஷணம் வீட்டில் சுண்ணாம்பு டப்பா.
மும்தாஜ் வீட்டில் சர்க்கரை மாத்திரை,
பேரனுக்கு எட்டாதென்று நினைத்திருக்கிறார்;
எட்டுகிற உயரம்தான், நான் சொல்லி மேலே மாற்றினார்.
இரண்டாம் மாடியில் ஒருவர்
கண்ணாடிக் கதவே போட்டுவிட்டார்,
உள்ளே குத்துச்சண்டைப் பதக்கம் ஒன்று
சீரியல் பல்பில் மின்னியது.
ஒரு வீட்டில் மட்டும்
"வெச்சது யாரு? கண்ணு தெரியாதவனா?" என்று கேட்டார்கள்.
நான்தான் என்றேன்.
தண்ணீர் கொடுத்தார்கள்.

வாளியில் கலவை இறுகிப்போனது.
முப்பத்தொரு பள்ளம் மட்டும் அடைத்தேன்.
மற்றவற்றுக்கு
'வீட்டார் சம்மதிக்கவில்லை' என்று
தொண்ணூற்றாறு வரிப் படிவத்தில்
அறுபத்தைந்து முறை எழுதினேன்,
ஒரே வாக்கியத்தை,
ஒரே மாதிரி.

அச்சைத் திருத்தியாயிற்று.
பழைய துளையை வெல்ட் வைத்து, தேய்த்து,
கண்ணுக்குத் தெரியாமல் மூடினார்கள்.
இப்போதெல்லாம் டேப்பை இரண்டு பேர் பிடிக்கிறோம்,
மூன்றாவது ஆள் வாய்விட்டுப் படிக்கிறார்.
இரண்டாம் கட்டிடத்தின் சுவர்கள்
வரைபடம் சொன்னபடியே வந்து நிற்கின்றன.

சாவி கொடுத்த அன்று
பி பிளாக் அமுலு
மேடைக்கு அடியில் குனிந்து
கையால் துழாவினாள்.
"அந்த வூட்டுலல்லாம் கீதே, ஒரு பொந்து.
எங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு வெக்கல?"

ஷர்ஃபுதீன் என்னைப் பார்த்தார்.
நான் டேப்பைப் பார்த்தேன்.

அவள் கை இன்னும் அங்கேயே தடவிக்கொண்டிருந்தது,
வெல்ட் வைத்த இடத்தின் வட்டம்
சுவரில் மிக மெல்லியதாய்ப் பதிந்திருப்பதை
விரல் கண்டுவிட்டது போல.